மானுக்கு முப்பத்தொரு நாள்

போன மாதம் அப்பாவுக்கு வாய்க்கரிசி போடும்போது என் மகளின் கையிலும் யாரோ அரிசியைக் கொடுத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளையை அங்கே அழைத்துப் போனது சரிதானா என்று அன்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு நாள் துக்கம் முடியப்போகிறது; இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் பெட்டிக்குள் எட்டி, மூன்று தரம் கவனமாகப் போட்டாள். பிறகு என் சட்டையை இழுத்து, "அம்மப்பாவுக்கு அங்கை பசிக்குமோ?" என்று கேட்டாள்.

 அந்த நேரத்தில் என் கண் முன்னால் நின்றது ஒரு மான்.

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம் அது. மே மாதத்தில் ஊரில் போர் முடிந்திருந்தது. அப்பாவின் ஒரே தம்பி, என் சித்தப்பா, ஏப்ரலில் வன்னியிலிருந்து இரண்டு நிமிடம் போனில் கதைத்திருந்தார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அப்பா எல்லாரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இருக்கிறான்." முகாமில் இருக்கிறான், ஆஸ்பத்திரியில் இருக்கிறான், எங்கேயோ இருக்கிறான். "இனிச் செய்யவேண்டியதைச் செய்வம், அண்ணை" என்று மெதுவாகச் சொல்ல வந்த உறவினர் ஒருவர், தேத்தண்ணீர் ஆறும் முன்பே தன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்க வேண்டியதாயிற்று. கைபேசி அப்பாவின் சட்டைப்பையை விட்டு அகலவில்லை. குளிக்கும்போது சவர்க்காரத்தின் பக்கத்தில் அது இருந்தது.

சுவிஸில் நாங்கள் இருந்த எம்மன்புரூக்கேயில் அப்பா வேலை செய்த தொழிற்சாலையில், அவருடைய மெஷினுக்கு அடுத்த மெஷினில் நின்றவர் ஊர்ஸ். செப்டம்பர் வந்தால் அவர் மூன்று கிழமை லீவு எடுத்துக்கொண்டு எங்காடின் பள்ளத்தாக்கிலுள்ள தன் கிராமத்துக்கு வேட்டைக்குப் போய்விடுவார். தாடியை மழிக்கமாட்டார். அந்த முறை அப்பாவையும் கூப்பிட்டார். தன் முழங்கால் முந்தியைப் போல இல்லையாம். சுட்ட மானை மலையிலிருந்து இறக்க ஒரு நல்ல முதுகு வேண்டுமாம்.

"அங்கை போன் வேலை செய்யாது" என்று அப்பா மறுத்தார்.

"போன் என்னட்டை இருக்கட்டும். நீங்கள் போய் ரெண்டு நாள் நித்திரை கொண்டிட்டு வாங்கோ" என்றார் அம்மா. "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

என்னை அனுப்பியது அப்பாவுக்குக் காவலாக என்பது எனக்குத் தெரியாது. வேட்டைக்குப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். அப்பா புறப்படும்போது, "சார்ஜ் போட்டு வை, சார்ஜ் போட்டு வை" என்று வாசலில் நின்று இரண்டு தரம் சொன்னார்.

எனக்குத் தெரிந்த சுவிஸ் மலைகள் பச்சையானவை. அந்தப் பள்ளத்தாக்கோ காய்ந்து கிடந்தது. மழை அங்கே குறைவு. பழுப்புப் புல், கல், இடையிடையே பைன் மரங்கள். பின்னேரம் ஊர்ஸின் வேட்டைக் குடிசையை நோக்கி ஏறினோம். அப்பாவின் முதுகுப்பையை ஊர்ஸ் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதென்ன, கல்லா?"

"அரிசி."

"ரெண்டு நாளைக்கு மூணு கிலோவா? மேலே பாணும் சீஸும் இருக்கு, மனுஷா!"

"நீ சீஸ் சாப்பிடு. நான் சோறு சாப்பிடுறன்" என்றார் அப்பா தன் ஜெர்மன் மொழியில். பல மாதங்களுக்குப் பிறகு அவர் அடித்த முதல் பகிடி அது.

குடிசைக்குப் போய்ச் சேரவில்லை. எதிர்ச் சரிவில் ஏதோ அசைந்ததை ஊர்ஸ் கண்டுவிட்டார். பைகளோடு அப்படியே படுத்தோம். தொலைநோக்கியில் எனக்கும் காட்டினார்: ஒரு கலைமான், தனியாக, தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. ஊர்ஸ் நெடுநேரம் பார்த்தார். கொம்பின் கிளைகளை எண்ணினார். சுடக்கூடாததைச் சுட்டால், தானே போய் வனக்காவலரிடம் சொல்ல வேண்டுமாம். பிறகு துப்பாக்கியைத் தோளில் பொருத்தினார்.

அந்த நேரம் பார்த்து அப்பா என் தலையைப் புல்லுக்குள் அமுக்கி, மேலே கவிழ்ந்துகொண்டார். வெடிச்சத்தம் அவருடைய நெஞ்சுக்கூட்டுக்குள்ளால்தான் எனக்குக் கேட்டது. மான் விழுந்ததை நான் பார்க்கவேயில்லை. அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மான் பக்கவாட்டில் கிடந்தது. கண் திறந்திருந்தது. ஊர்ஸ் பைன் மரத்திலிருந்து ஒரு சிறு கொப்பை முறித்து, மானின் வாயைத் திறந்து, பற்களுக்கிடையில் வைத்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஏன் அப்பிடிச் செய்யிறீங்கள்?" என்று கேட்டேன்.

"கடைசி வாய்" என்றார். "வெறும் வாயோட போகக்கூடாது. மரியாதை."

இறைச்சி வைக்க இடம் வேண்டுமென்று அப்பா பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றுவிட்டது. மானையே பார்த்தார். பிறகு அரிசிப் பையின் முடிச்சை அவிழ்த்து, ஒரு பிடி எடுத்து, மானின் தலைமாட்டில் முழந்தாளிட்டார். கொப்பின் பக்கத்தில் கொஞ்சம் போட்டார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

 அப்பா எழும்பும்வரை ஊர்ஸ் தொப்பியைத் தலையில் வைக்கவில்லை. எழும்பிய பிறகு அப்பா, "எங்களிட்டையும் இது இருக்கு" என்று மட்டும் சொன்னார். குரல் சரியாக வரவில்லை. மூச்சு வாங்குகிறது, வயது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தோம். என்னிடம் சொல்வதற்கு ஒரு பெரிய பகிடி இருந்தது. அப்பா குளிக்கப் போனதும் குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, அப்பா மானுக்கு வாய்க்கரிசி போட்டவர்!"

முந்திய வருடம் ஒரு செத்தவீட்டில் நானே போட்டிருந்ததால் எனக்கு அது நன்றாகத் தெரியும். மானுக்குப் போய்! நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"எத்தினை தரம் போட்டவர்?"

"மூண்டு தரம்."

அம்மா அடுப்பை அணைத்தார். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது, "ஒருதரிட்டையிருந்தும் போன் வரேல்லை" என்றார் அம்மா.

வந்ததிலிருந்து அப்பா போனைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை. போன் மேசையில் கிடந்தது. அவர் அதைத் தாண்டிப் போய் ஜன்னலடியில் நின்றார். அம்மாவும் போய்ப் பக்கத்தில் நின்றார்.

மறுநாள், அவ்வளவு பாடுபட்டுச் சுமந்து வந்த இறைச்சி முழுவதும் மேல்மாடி இத்தாலியர் வீட்டுக்குப் போயிற்று. நான் அழுதேன். ஒரு துண்டுகூட வைக்கவில்லை. அதன் பிறகு வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைக்கவில்லை. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். முப்பத்தொரு நாள் என்றார் அம்மா. அப்பா தாடி வளர்த்தார். ஊர்ஸைப் பார்த்துப் பழகிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. மற்றதையெல்லாம் நானே ஒன்றோடொன்று சேர்த்துப் புரிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் எழுதினேன்: எங்கள் சமயத்தில் ஒரு மானைக் கொன்றால் அதன் வாயில் அரிசி போட வேண்டும். பிறகு முப்பத்தொரு நாள் இறைச்சி சாப்பிடக்கூடாது. வீட்டில் எல்லாரும் அந்த மானுக்காகக் கவலையாக இருக்க வேண்டும். ஆசிரியை கீழே "மிக அழகு" என்று எழுதி, பெற்றோரின் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்.

அப்பா வேலையால் வந்து, தாடியோடு மேசையடியில் உட்கார்ந்து, அந்த ஒரு பக்கத்தை மிகவும் மெதுவாக வாசித்தார். அவருடைய ஜெர்மன் அவ்வளவுதான் என்று நான் பக்கத்தில் பொறுமையாக நின்றேன். மான் என்று எழுதியிருந்த ஓர் இடத்தில் விரலை வைத்தவர், அதைக் கனநேரம் அங்கிருந்து எடுக்கவில்லை.

"பிழையோ, அப்பா?"

"இல்லைக் குஞ்சு" என்றார். "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கிறாய்."

கையெழுத்துப் போட்டுக் கொப்பியை மூடித் தந்தார்.