சொல்தாவின் தொப்பி

எங்கள் வீட்டு முன்பக்க அறையில் குடியிருந்தவரைத் தெருவே 'சொல்தா', அதாவது சிப்பாய், என்றுதான் சொல்லும். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். வயதானாலும் வளையாத முதுகு. பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை பதினாலு ஊர்வலம் நெருங்கினால், தன் கம்பளித் தொப்பியில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கைப் பெட்ரோல் விட்டுத் துடைப்பார். ஈரத்தில் தூசி ஒட்டுமென்று கதவு, சன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொள்வார்.

எழுபதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை. தலை முழுகிவிட்டு, கனன்ற கரியில் சாம்பிராணி போட்டு வீடு முழுக்கக் காட்டி வந்தேன். என் வீட்டில் எந்த அறையையும் விட மாட்டேன். அவர் கதவையும் தள்ளினேன்.

"வராதீங்கம்மா! நெருப்பு!"

"என் வூட்ல சாம்பிராணி போட உங்கள கேக்கணுமாக்கும்?"

சொல்லி முடிப்பதற்குள் நெடி மூக்கில் ஏறியது. என்னைத் தடுக்க அவர் கையை நீட்டினார். அந்தக் கையில்தான் பெட்ரோல் சொட்டும் தொப்பி இருந்தது. கனலுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும்.

அப்படியே பின்வாக்கில் நகர்ந்து, முற்றத்துத் தொட்டித் தண்ணீரில் கரியைக் கொட்டினேன்.

"அந்தத் தொப்பிய கீழ போட்டிருக்கக் கூடாதா, முசியே?"

"தரையில போட்டா அழுக்காயிடுமேம்மா," என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பிறகெல்லாம் மொட்டைமாடிக் காற்றில் வைத்துத்தான் துடைத்தார். புட்டியைத் திறக்கும் முன், "அம்மா, அடுப்ப அணைச்சிட்டீங்களா?" என்று மேலிருந்து கேட்பார்.

அந்த வருட ஊர்வலத்தில் அவர் தொப்பியோடு விறைப்பாக நடந்துபோனார். தெருவே கை தட்டியது. நான் மட்டும், அவர் பக்கத்தில் யாராவது பீடி பிடிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.