மேட்டுப் பக்கம் சாயுங்க

தமிழ்செல்வியை யாராவது “அந்த லேபர் வண்டிப் பொம்பளையா?” என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆமாம், லேபர் வண்டிதான். அதற்கென்ன இப்போது? பதினோரு வருடமாகச் சிலமலையில் விடிகாலை கிளம்பி, ஏலக்காய் பறிக்கப் போகும் பதினான்கு பெண்களை ஜீப்பில் ஏற்றிப் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறவள். ஒருத்திக்கும் ஒரு சிராய்ப்பு கிடையாது. போடியில் ஜீப் பட்டறை வைத்திருக்கிற ஈஸ்வர் நான் சொல்கிறேன், அவள் வண்டிக்கு என் பட்டறையில் சோலியே இருக்காது.

எஸ்டேட் பாதையில் மழைக்குப் பிறகு ஜீப் ஒரு பக்கமாகச் சரியும் இடங்கள் உண்டு. அங்கே வந்ததும் அவள் “மேட்டுப் பக்கம்!” என்று ஒரு குரல் கொடுப்பாள். பதினான்கு பெண்களும் பேச்சை நிறுத்தாமலே மலைப்பக்கமாகச் சாய்வார்கள். பாரம் அந்தப் பக்கம் போனதும் வண்டி நிதானத்துக்கு வந்துவிடும். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, விட்ட கதையைத் தொடருவார்கள்.

அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. குரங்கணி ஜீப் ஸ்டாண்டில் சவாரி முறையில் அவளுக்கும் ஓர் இடம் வேண்டும். அங்கே ஒரு தகர போர்டில் ஓட்டுநர்கள் பெயரைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். மலை பார்க்க வருகிறவர்களை அந்த வரிசைப்படிதான் ஏற்றுவார்கள். போர்டில் பெயர் இல்லையென்றால் சவாரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லீவு, குரங்கணியில் கூட்டம். அவள் ஜீப்பு வீட்டு வாசலில் சும்மா நிற்கும். நான்கு வருடமாகக் கேட்டாள். ஸ்டாண்டுத் தலைவர் தவசி ஒரே பதிலை வைத்திருந்தார்.

“டூரிஸ்ட்டுக பொம்பள ஓட்டுற வண்டியில ஏற மாட்டாகத்தா.”

எந்த டூரிஸ்ட்டிடம் கேட்டார் அந்த மனுசன்? ஒருத்தரிடமும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தப் பெண்கள் வேலை பார்க்கும் எஸ்டேட்டின் முதலாளி செழியன் புதுக் கார் வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பைகள். ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி எழும்பும், இன்னொன்றை அழுத்தினால் இறங்கும். ரோட்டுக்கு ஓர் உயரம், கரடுமுரடுக்கு நடு உயரம், எல்லாவற்றுக்கும் மேலே உச்சி உயரம். வாங்கிய கையோடு திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டில் நடக்கும் பாலைவனக் கார்ப் பந்தயத்துக்குப் பெயரும் கொடுத்துவிட்டார். ஓட்டுநர் தவசி. மாற்று ஓட்டுநர் ஒருவர் கட்டாயம் வேண்டும் என்றார்கள். செழியன் தமிழ்செல்வியைக் கூப்பிட்டார். தவசிக்கு முகம் சுருங்கியது. நான் மெக்கானிக்காகத் தொற்றிக்கொண்டேன்.

தேரியைப் பார்த்ததும் வாய் பிளந்து நின்றோம். சிவப்பு மணல், மேடு மேடாக, கண் போகிற தூரம் வரைக்கும். கயிறு கட்டி இழுக்காமல், கடைசி மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொடியைத் தொட வேண்டும். இரண்டு தடவை முயலலாம்.

“உச்சிக்கு ஏத்திருங்கண்ணே” என்று தவசியிடம் சொன்னவன் நான்தான். எங்கள் ஊர்ப் புத்தி அது. பாதை மோசம் என்றால் ஜீப்புக்கு அடியில் ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்த்து உயரம் ஏற்றுவோம். பாறையில் வயிறு தட்டாது. முப்பது வருடமாக நான் செய்கிற வேலையே அதுதான். தவசியும் வேறென்ன நினைப்பார்? பொத்தானை அழுத்தி உச்சிக்கு ஏற்றிவிட்டுக் கிளம்பினார்.

இரண்டு மேடுகூடத் தாண்டவில்லை. வண்டி கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் சுற்றியது. பயந்துபோய் வேகத்தைக் கூட்டினார். வேகம் கூடியதும் வண்டி ‘பீப் பீப்’ என்று கத்தி, தானாகவே உயரத்தை இறக்கிக்கொண்டது. அடுத்த மணலில் வயிறு புதைய உட்கார்ந்துவிட்டது. டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்தது.

இறங்கிய தவசிக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. “இந்த மண்ணுல எவனாலயும் ஓட்ட முடியாதுப்பா!” என்றவர், சிரித்துக்கொண்டு நின்ற தமிழ்செல்வியைப் பார்த்துவிட்டார். “என்னத்தா சிரிப்பு? நீ அந்தக் கொடியத் தொட்டுரு, போர்டுல உம் பேர நானே எழுதுறேன். தொடலேன்னா இனி முற கிறன்னு ஸ்டாண்டுப் பக்கமே வரப்படாது. சம்மதமா?”

“சம்மதம்ண்ணே” என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

முதலில் நான்கு டயரிலும் காற்றைப் பாதியாகக் குறைக்கச் சொன்னாள். பிறகு வண்டியை உச்சியிலிருந்து நடு உயரத்துக்கு இறக்கினாள்.

“ஏத்தா, எறக்குறியே! தட்டாதா?” என்றேன்.

“இங்க பாறையா இருக்கு தட்டுறதுக்கு? எஞ் ஜீப்பு காலியா வந்தா குதிக்கும், ஆளு ஏறுனா படிஞ்சு போகும். பட்டறையில பாத்ததில்லையா நீங்க? உச்சியில நிக்கிற வண்டிக்குக் கால நீட்ட எடமில்லண்ணே. பள்ளம் வந்தா சக்கரம் எப்பிடி எறங்கும்? எல்லாரும் ஏறுங்க. தவசியண்ணே, நீங்களுந்தான்.”

முப்பது வருட மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன்.

அவள் விரட்டவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. தவசி மாட்டிய இடத்தை வண்டி சத்தமில்லாமல் தாண்டியது. மூன்றாவது மேட்டில் குறுக்காகப் போக வேண்டியிருந்தது. வண்டி வலப்பக்கமாகச் சரிய, செழியன் “ஐயோ” என்றார். அவள் உயரத்தை இன்னும் ஒரு படி இறக்கினாள். அடுத்த நொடி அந்தக் குரல் வந்தது.

“மேட்டுப் பக்கம் சாயுங்க!”

எஸ்டேட் முதலாளி, ஸ்டாண்டுத் தலைவர், நான், மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இடப்பக்கம் அப்பிக்கொண்டோம். தவசியின் முழங்கை என் விலாவில் இறங்கியது. வண்டி நிதானத்துக்கு வந்தது.

கடைசி மேட்டின் முதுகில்தான் சனியன் காத்திருந்தது. நடு வயிறு மணலில் ஏறி உட்கார, சக்கரங்கள் சும்மா சுற்றின. டிராக்டர்காரர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“கயித்தப் போட்றாதீங்க!” என்று கத்திய தமிழ்செல்வி, உச்சிப் பொத்தானை அழுத்தினாள். “இப்பத்தாண்ணே இதுக்கு வேல.”

உர்ரென்று காற்று ஏறியது. உடம்பு மெல்ல மெல்ல எழும்ப, வயிறு மணலை விட்டது. பாரம் சக்கரத்துக்கு இறங்கியது. ஆக்ஸிலேட்டரைப் பூப்போல மிதித்தாள். ஒரு விரற்கடை நகர்ந்தது. அப்புறம் ஒரு முழம். அப்புறம் மேடே பின்னால் நகர்ந்துவிட்டது! நடு உயரத்துக்கு இறக்கி, சரிவில் இறங்கி, கொடியை பம்பரால் தொட்டு நிறுத்தினாள். நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. தவசி வெகு நேரம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு குரங்கணி ஸ்டாண்டுக்கு அவள் ஜீப்பு நிறைய ஆளோடு வந்தது. எஸ்டேட் பெண்கள் பதினான்கு பேரும் லீவு நாளில் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். போர்டில் கடைசியாக அவள் பெயர் இருந்தது. மற்ற எல்லாப் பெயரும் பெயிண்டில், இவள் பெயர் மட்டும் சாக்பீஸில். எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாத மொக்கம்மாள் போர்டுக்குக் கிட்டே போனாள். “இதுல எதுய்யா எங்க செல்வி பேரு?” என்று விரலை நீட்டினாள்.

“ஆத்தா, தொட்றாத, அழிஞ்சு போகும்!” என்று பதறிக் குறுக்கே வந்து நின்றார் தவசி. அவர் கையில் பெயிண்ட் டப்பா இருந்தது. “எழுத்துக்கு எடம் அளவு பாக்கத்தான் சாக்பீசுல எழுதினேன். கொஞ்சம் பொறு.”

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தும் கோணாமல் எழுதினார். ஈரம் காய்வதற்குள் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்து நின்றது. முன் வரிசை வண்டிகள் எல்லாம் சவாரிக்குப் போயிருந்தன. தவசி போர்டைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்டாண்டே கேட்கும்படி கூப்பிட்டார்.

“அடுத்த வண்டி, தமிழ்செல்வி! வெரசா எடுத்துட்டு வாத்தா, ஆளு நிக்கிது!”