நான் வாசிக்காமல் விட்ட வரி

“நல்லது கெட்டது தெரிஞ்சிக்க காலேஜுக்குப் போவணுமா? இன்னாடி படிப்பு இது?”

நான் தத்துவத்தில் எம்.ஏ. சேர்ந்தபோது மாமா கேட்டது. அம்மாவின் தம்பி; தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவருக்குப் பதில் சொல்வதே கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன்.

அம்மா அனகாபுத்தூரிலிருந்து குரோம்பேட்டைத் தெருக்களுக்குக் கீரை கொண்டுபோய் விற்பவர். சென்ற ஆண்டு அவர் குரல் கம்மியது. “கூவிக் கூவி கட்டிக்கினு கீது” என்றார். நானும் நம்பினேன். மிளகுக் கஷாயத்திலேயே மூன்று மாதம் போனது. உங்கள் வீட்டில் யாருக்காவது கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால், தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனை) குரல்வளையில் புற்றுநோய் என்றது. மருத்துவர் இரண்டு வழிகள் சொன்னார். குரல்வளையை முழுதாக எடுத்துவிடலாம். கழுத்தில் ஸ்டோமா (மூச்சு விடுவதற்கான துளை) வைப்பார்கள், பேச்சு போய்விடும். அல்லது கதிர்வீச்சும் மருந்தும். குரல் மிஞ்சலாம், ஆனால் நோய் திரும்பும் ஆபத்து கூடுதல்.

நான் முதல் வழியைத் தேர்ந்தேன். அம்மாவிடம் “தொண்டையில கட்டிம்மா, எடுத்துடுவாங்க” என்று மட்டும் சொன்னேன். பயமில்லாமல் இருந்தாலே அவருக்கு மகிழ்ச்சி என்று எனக்குள் வாதாடிக்கொண்டேன். தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்துகொள்ள முடியாதவருக்கு மகிழ்ச்சி என்று ஒன்று இல்லை என, அதே மாதம் தேர்வில் ஆறு பக்கம் எழுதியிருந்தேன். நல்ல மதிப்பெண்.

“அம்மாகிட்ட எல்லாம் சொல்லிட்டீங்களா?” என்றார் மருத்துவர்.

“சொல்லிட்டேன் சார்.”

சம்மதப் படிவத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். பேச்சு போய்விடும் என்ற வரியைத் தாண்டிப் போனேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாம்மா.”

“நீ படிச்சிட்டல்ல, அப்றம் இன்னா. மை டப்பாவக் குடு.” கட்டைவிரலை அழுத்திவிட்டு செவிலியரிடம் சொன்னார்: “பொண்ணு எம்.ஏ.வு, ஆத்தாக்காரி கைநாட்டு. சிரிக்காதம்மா.”

அவர் குரலை நான் கேட்டது அதுவரைதான்.

கண் விழித்ததும் வாயைத் திறந்தார். காற்று கழுத்துத் துளை வழியே போனது. நான் உண்மையைச் சொன்னபோது, மை போகாத கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுதிக் காட்டவும் அவருக்கு எழுத்து தெரியாது.

கேட்டிருந்தால் அவரும் இதையே தேர்ந்திருப்பாரோ என்னவோ. உயிர் பிழைத்திருக்கிறார், அதற்கு நன்றியும் உண்டு. ஆனால் அந்தப் பதில் இனி யாருக்கும் தெரியாது. அதைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் பேச்சு என்றால் கைச்சாடையும் உதட்டசைவும்தான்; எதிரெதிரே உட்கார வேண்டும். முதுகைத் திருப்பிக்கொண்டு பதில் சொல்ல முடியாது. அடுப்படியில் அம்மாவுக்குத் தோன்றும் ஒரு கேள்வி, நான் எதிரே போய் உட்காரும்வரை அரைநாள்கூடக் காத்திருக்கிறது. என் தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

இன்று காலை மறுபரிசோதனை. நோய் திரும்பாமலிருக்கக் கதிர்வீச்சு தேவையா என்ற பேச்சு. மருத்துவர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் தொடங்கினார்.

“சார், அம்மாகிட்ட சொல்லுங்க. தமிழ்ல. அன்னைக்கு நான் சொன்னேன்னு சொன்னது பொய்.”

மருத்துவர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பினார். வாய் உலரும், ருசி போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா கையமர்த்தி அவரை நிறுத்தினார். என்னைக் காட்டி, கதவைக் காட்டினார்.

எழுந்து வெளியே வந்து, கதவைச் சாத்தினேன்.