என் காலுக்கு அம்மா செய்த பொருத்தனை

நம்முடைய மாதப் பத்திரிகைக்கு என் முழங்கால் சுகமானதைப் பற்றிச் சாட்சி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஸ்தோத்திரமும் சொல்கிறேன். ஆனால் கோபத்தை மூடி மறைத்து எழுத எனக்கு வராது. வாசிக்கிற சகோதர சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

மூன்று வருஷம் முன்பு, கார்த்திகை மாதம். கோயம்புத்தூரில் ஒரு போட்டி. பந்தோடு வேகமாகப் போய், எதிரே வந்த பெண்ணை ஏமாற்ற இடது பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. லிகமெண்ட் கிழிந்துவிட்டது என்றார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும், அதன் பிறகும் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும், நடப்பாய், ஆடுவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துப்போனால் தேவலாம் என்று படுத்திருந்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன்.

என் பெயர் ரூபி. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் எங்கள் ஊர். பாஸ்கெட்பால் ஆடுவதுதான் என் தொழில். சென்னையில் ஒரு நிறுவனத்தின் பெண்கள் அணியில் பாயிண்ட் கார்டாக ஆடுகிறேன். அது என்ன என்று நம் சபையில் இன்னும் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பந்தை எங்கள் பக்கத்திலிருந்து எதிரணிப் பக்கத்துக்குக் கொண்டுபோகிறவள் பாயிண்ட் கார்டு. உயரமானவர்கள் கூடைக்கு அடியில் நின்று போடுவார்கள், பேப்பரில் அவர்கள் படம் வரும். யாருக்கு, எப்போது, எந்தக் கைக்குப் பந்து போக வேண்டும் என்று பார்த்துக் கொடுக்கிறவள் நான். நான் குள்ளம். பள்ளியில் பி.டி. டீச்சர் என்னை வரிசையின் கடைசியிலிருந்து கூப்பிட்டு, உனக்குக் கண் நல்லா ஓடுது, நீ பந்தை எடுத்துக்கிட்டு வா என்றார். அன்றைக்குப் பிடித்த பந்தை நான் விடவில்லை. விளையாட்டு விடுதி, சென்னையில் கல்லூரி, மாநில அணி, பிறகு இந்த வேலை. ஒப்பந்த வேலை. ஆடுகிறவரை வேலை, ஆடாவிட்டால் அந்த இடத்துக்கு வேறொருத்தி.

அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா அளத்தில் உப்பு சுமக்கிறாள். மழைக்காலத்தில் அளம் மூடினால் பெருமுக்கல் பக்கம் நடவுக்குப் போவாள். அம்மா சபையில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. பாட்டுக்கூட உதட்டுக்குள்தான்.

நான் அரை டவுசர் போட்டு ஆடுவது நம் சபைக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. சபைப் பெரியவர்களில் ஒருவரான சாலமோன் மூப்பர் ஒரு முறை அம்மாவைக் கூப்பிட்டு, பெண்பிள்ளை தொடை தெரிய ஓடுவது சாட்சிக்கேடு என்றார். நான் மாநில அணிக்குப் போனபோது, எங்கள் சபைப் பிள்ளை என்று போஸ்டர் அடித்து ஒட்டியதும் இதே மூப்பர்தான். அந்தப் போஸ்டரில் என் கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். தலை மட்டும் ஜெயித்துவிட்டு வந்தது போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதம் அளத்தில் முதல் உப்பு வாரினால், அதை நம் சபையில் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். வெளியூர்ச் சபைக்காரர்களுக்காக எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு குடும்பமும் முதல் உப்பில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து மேசை மேல் இருக்கும் தாம்பாளத்தில் போடுவோம். போடும்போது, இன்னது நடந்தால் கர்த்தருக்கு இன்னது தருகிறேன் என்று பொருத்தனை இருந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு எல்லா உப்பையும் ஒன்றாகக் கலந்து, ஜெபித்து, எல்லா வீட்டுக்கும் பங்கிட்டுக் கொடுப்பார்கள். அந்த வாரம் எல்லா வீட்டுக் குழம்பிலும் அந்த உப்புதான். அதனால் உப்பின் மேல் சொன்ன பொருத்தனையைத் திரும்ப எடுக்க முடியாது. ஊரே தின்று முடித்துவிட்டதே, எப்படி எடுப்பது? இதுதான் வழக்கம்.

நான் காலில் கட்டோடு சென்னையில் கிடந்தபோது அந்த ஞாயிறு வந்தது. அம்மா பயந்துபோயிருந்தாள். மூப்பரும் இன்னும் சிலரும் முந்தின நாள் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, பெரிசாகக் கேட்டால் பெரிசாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் பெரிசு என்று என்ன இருக்கிறது? நான்தான் இருக்கிறேன். என் மகள் கால் சுகமானால் அவள் இனிமேல் பந்தைத் தொடமாட்டாள், ஊழியத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று உப்பைப் போட்டாள். சபை முழுவதும் ஆமென் சொன்னது. என் காலுக்கு, என் தொழிலுக்கு, என் வாழ்நாளுக்கு அத்தனை பேரும் ஆமென். என்னை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு போன் போடக்கூடவா கை வரவில்லை?

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான் என் பாட்டுக்குக் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். வலியில் பல்லைக் கடித்து அழுதேன். ஜெபித்தேன். என் காலைப் பிடித்துப் பயிற்சி கொடுத்த பிசியோ பெண்ணைக் கர்த்தர் அனுப்பினார் என்று இன்றைக்கும் சொல்வேன். அடுத்த தை மாதம் டாக்டர், ஆடலாம் என்று சொல்லிவிட்டார். நான் சந்தோஷத்தோடு ஊருக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூப்பர் கையைப் பிடித்துக்கொண்டு, வர ஞாயிறு சாட்சி சொல்லிடும்மா, அப்படியே ஆட்டத்தை விட்டுட்டேன்னும் சொல்லிடு என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் அம்மா தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

நான் அன்று போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஞாயிறு வரை நிற்கவில்லை. சென்னைக்குத் திரும்பி அணியோடு சேர்ந்துவிட்டேன்.

சித்திரையில் காலமில்லாத காலத்தில் மழை கொட்டியது. பாத்திகளில் விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்து போயிற்று. உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ரூபி பொருத்தனையை மீறினாள், அதனால் மழை. அந்த மழை புதுச்சேரியிலும் பெய்தது, கடலூரிலும் பெய்தது. அங்கெல்லாம் யார் அரை டவுசர் போட்டுப் பந்து ஆடினார்கள் என்று கேட்கிறேன். அளம் வைத்திருக்கிற மற்ற ஊர்க்காரர்கள், மற்ற சாமி கும்பிடுகிறவர்கள், அவர்கள் உப்பும்தான் கரைந்தது. அவர்களுக்கும் நான்தான் காரணமா?

என்னை என்ன சொன்னாலும் துடைத்துப் போட்டுவிடுவேன். அம்மாவை என்ன செய்தார்கள் தெரியுமா? உப்புக் கூடையை ஒருத்தி தானாகத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. அவ்வளவு பாரம். இன்னொருத்தி ஏற்றிவிட வேண்டும். அளத்தில் இதை யாரும் யாருக்கும் மறுப்பதில்லை. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறவர்கள்கூட ஏற்றிவிடுவார்கள். என் அம்மாவுக்கு மட்டும் ஏற்றிவிடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த அளத்துக்குக் குத்தகைக்காரர் யார்? சாலமோன் மூப்பர். அவர் வாயால் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

வைகாசியில் இரண்டு நாள் லீவில் வந்தபோது அதை என் கண்ணால் பார்த்தேன். அம்மா கூடையை வரப்பு மேல் வைத்துவிட்டு, கீழே பாத்தி ஓரத்தில் குந்தி, தலையை அடியில் நுழைத்து, கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறாள். கூடை சரிந்து உப்பெல்லாம் சேற்றில் கொட்டுகிறது. மறுபடியும் வாரி வைக்கிறாள். பக்கத்தில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவோடு சின்ன வயதிலிருந்து வேலை செய்கிற ஞானம் அக்கா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். நான் செருப்போடு பாத்தியில் இறங்கி ஓடி, கூடையை அம்மா தலையில் ஏற்றிவிட்டேன். அம்மா சுமையோடு நடந்து போனாள். நடந்துகொண்டே அழுதாள்.

மூப்பர் வந்தார். பொருத்தனையை நிறைவேத்தும்மா, எல்லாம் சரியாப் போயிடும் என்று அமைதியாகச் சொன்னார். அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று மத்தியானம் சபையில் யாரும் இல்லாத நேரம் போய் முழங்கால் போட்டேன். ஆபரேஷன் செய்த கால், தரையில் பட்டதும் வலித்தது. பக்தியாக ஜெபித்தேன் என்று சொல்லமாட்டேன். சண்டை போட்டேன். ஆண்டவரே, என் ஆட்டம் உமக்கு வேண்டுமென்றால் என்னிடம் கேளும், இப்போதே கொடுத்துவிடுகிறேன், நடுவில் இவர்கள் எதற்கு என்று கேட்டேன். அம்மா சுமக்கிற சுமையை நினைத்தபோது விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ராஜினாமா எழுத வேண்டியதுதான் என்று அழுதேன். அழுது முடித்த பிறகு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நான் ஆட்டத்தை விட்டால் இவர்கள் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஆட்டத்தை விடாமல் இவர்களோடு கத்தினால் அம்மா தலையில்தான் விடியும். பொருத்தனை சொன்ன வாய் அம்மாவுடையது. அந்த வாய்தான் திறக்க வேண்டும். ஆகவே இதை மட்டும் கேட்டேன்: ஆண்டவரே, என் அம்மாவுக்குப் பேச வாய் கொடும். வேறு எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செத்தவர்கள் எழுந்திருப்பதை நம்புகிற எனக்கு, அம்மா நாலு பேர் முன்னால் பேசுவாள் என்று நம்புவது கஷ்டமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. பாஸ்டர் சாட்சி நேரத்தில் என் பெயரைச் சொன்னார். நான் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாயைத் திறப்பதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். குரல் நடுங்கவில்லை.

"பாஸ்டருங்க, நான் வச்ச பொருத்தனைய எடுத்துக்கறேன். அது என்னுது இல்ல. அடுத்தவ சாமானத் தூக்கியாந்து வச்சா அதுக்குப் பேரு காணிக்கை இல்லீங்க, திருட்டு."

மூப்பர் எழுந்து, உப்பு மேல வச்சதை எப்படிம்மா எடுப்ப, சபையே தின்னாச்சே என்றார்.

"நீங்க தின்னது உப்புங்க ஐயா. எம் பொண்ண இல்ல."

அம்மா உட்காரவில்லை. "என்னால முடிஞ்சத நான் குடுக்கறேன். வாரா வாரம் கோயிலக் கூட்டறேன், என் காலம் பூரா. அது என் கை, என் உடம்பு, யாரும் கேக்க முடியாது" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பாஸ்டர் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். மூப்பர் பக்கம் பேசுவாரோ என்று எனக்குப் பயம். "சகோதரி சொன்னதைக் கர்த்தர் கேட்டார், நாமும் கேட்டோம்" என்று மட்டும் சொல்லி ஜெபித்து முடித்தார். நான் சாட்சி சொல்லவில்லை. எனக்குச் சொல்ல எதுவும் மீதி இல்லை.

மறுநாள் காலையில் அளத்தில் ஞானம் அக்கா வந்து அம்மா கூடையை ஏற்றிவிட்டாராம். பிறகு இன்னொருத்தி. மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. அங்கே அப்படித்தான், ஏற்றிவிட்டால் கேட்டது போல. மூப்பர் மட்டும் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. அம்மா இப்போது வேறு ஒருவருடைய அளத்தில் வேலை செய்கிறாள். ஞாயிறு காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சபையைக் கூட்டுகிறாள். இப்போது பாட்டையும் சத்தமாகப் பாடுகிறாள். ராகம் சரியாக வராது. யார் திரும்பிப் பார்த்தாலும் நிறுத்துவதில்லை.

மூப்பரை மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். அதற்கும் ஜெபம் தேவைப்படுகிறது.

அந்த வருஷம் முழுவதும் ஆடினேன். என்னைக் கேப்டன் ஆக்கினார்கள். சென்னையில் நடந்த ஒரு போட்டிக்கு அம்மா முதல் முறையாக என் ஆட்டத்தைப் பார்க்க வந்தாள். ஒன்றும் புரியாமல் இரண்டு பக்கத்துக்கும் கைதட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியில் ஒரு பெண் மோதி, நான் அதே முழங்கால் அடிபட விழுந்தேன். தரையில் கிடந்தபடி அம்மாவைப் பார்த்தேன். கையைக் கூப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைகிறது. எனக்குக் கால் வலியைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. இந்த முறை எதைக் கொடுக்கிறேன் என்று சொல்கிறாளோ?

காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து ஆடி முடித்தேன். தோற்றுவிட்டோம். வெளியே வந்ததும் அம்மாவிடம் என்னம்மா வேண்டிக்கிட்ட என்று கேட்டேன்.

"ஒண்ணும் குடுக்கறேன்னு சொல்லலடி," என்றாள். "அவளுக்கு ஆடணும்னு ஆசையா இருக்குது, எழுப்பி வுடுங்க ஆண்டவரேன்னு கேட்டேன். அவ்ளோதான்."

எனக்கு அவ்வளவு காலமும் தெரிந்திருந்த ஜெபங்களில் இதைவிடப் பெரிய ஜெபம் இல்லை. ஸ்தோத்திரம். இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது விழுந்து கிடப்பார்கள். நம்பிக் கேளுங்கள், அவர் எழுப்புகிறவர். ஆனால் எழுப்பிய பிறகு எங்கே போக வேண்டும் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.