ஜன்னலைத் திறந்து படுத்த அன்று

எங்கள் வீட்டால் காற்றில் எவ்வளவு கரியமில வாயு சேர்கிறது என்று மகள் செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஏ.சி.யால்தான் அதிகம். "அத்த நிறுத்திடலாம்ப்பா" என்றாள். அவளுக்கு வீசிங் உண்டு. முருகன்மேல் பாரத்தைப் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தோம்.

காலையில் விளக்கேற்றுமுன் சாமி படத்தைத் துடைத்தேன். துணியெல்லாம் கறுப்பு. கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இரும்பு உருக்கும் கம்பெனி இருக்கிறது. அந்தப் புகை இரவெல்லாம் உள்ளே வந்திருக்கிறது. மகள் எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினாள்.

"இன்னாய்யா பாத்துக்கினு நிக்கற? ஜன்னல மூடு!" என்று மனைவி கத்தினாள்.

மூடிவிட்டு ஏ.சி.யைப் போட்டேன்.

"நம்ம கணக்கு ஏறுமேப்பா" என்றாள் மகள்.

"ஏறிட்டுப் போவட்டும்மா" என்று முதுகைத் தடவினேன். அவள் நெஞ்சில் விசில் சத்தம் நிற்கவே இல்லை.