தண்ணீரை வரவேற்க ஓடியவன்

நேற்று காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டி பஞ்சராகிவிட்டது. கடைக்காரர் டியூபை உரசி, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் தான்சானியாவுக்குப் போய்விட்டேன். வீட்டில் வாங்கி வரச் சொன்ன கொத்தமல்லியை மறந்ததற்கு இதைத்தான் காரணமாகச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

காட்டுக்குள் சஃபாரி முகாமில் வேலை பார்த்தவன் என்றால் தொப்பி, தொலைநோக்கி, ஜீப் என்று கற்பனை ஓடும். எனக்குக் கிடைத்தது பழைய லாரியில் வெங்காய மூட்டை மேல் ஓர் இடம். எங்கள் ஊர் நெடுங்காட்டில் நெல் வயலைத் தவிர வேறெதையும் பார்க்காத எனக்கு, அந்த முகாமில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வாங்கிக் கொடுத்தவர் கலியபெருமாள் அண்ணன். காரைக்கால்மேட்டுக்காரர். கடலுக்குப் போகப் பிடிக்காமல், காரைக்காலில் ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரர் வீட்டில் சமையல் பழகி, அப்படியே ஆப்பிரிக்கா வரை வந்துவிட்டவர். அங்கே நகரத்து ஓட்டல்களில் அவர் கைக்காரம் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு இடத்தில் அனுப்பிவிட்டார்கள். இந்த முகாம்தான் கடைசி வாய்ப்பு.

முகாம் முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். விருந்தாளிகள் முதல்முறையாக வரும் அன்று மத்தியானம் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும், இல்லையென்றால் வந்த லாரியிலேயே திரும்பிவிடலாம். “ஊருக்குத் திரும்பிப் போனா வலைய தூக்கிட்டு கடலுக்குத்தான்டா போவணும். நமக்கு அலையில ஏறுனாலே கொடலப் பொரட்டும்” என்றார் அண்ணன். மீனவர் வீட்டில் பிறந்தவருக்கு இப்படி ஒரு வியாதி.

தார்ச்சாலை முடிந்ததும் செம்மண் தூசி எங்களைக் கபளீகரம் செய்தது. குலுங்கிய குலுக்கலில் எலும்பெல்லாம் இடம் மாறிவிட்டதோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பஞ்சரை எண்ணுவதை விட்டுவிட்டோம். ஓட்டுநர் ஜோசப் ஒவ்வொரு முறையும் மரத்தடியில் உட்கார்ந்து, தானே டியூபை ஒட்டுவார். அவசரப்பட்டால் “போலே போலே” என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். லாரியும் அதைக் கேட்டு நடந்துகொண்டது.

ஓரிடத்தில் யானைக் கூட்டம் வழிமறித்தது. ஜோசப் என்ஜினை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணனோ கன்னத்தில் போட்டுக்கொண்டு, மூட்டைக்குள் கைவிட்டு வாழைப்பழம் தேடுகிறார். யானை என்றால் பழம் கொடுத்து ஆசீர்வாதம் வாங்க வேண்டியதுதானே! ஜோசப் அவர் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் தழும்பே விழுந்தது. அண்ணனைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். என் முறை சீக்கிரமே வந்தது.

மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள். முகாமுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு காய்ந்த மணலாறு மட்டும்தான் பாக்கி. லாரி ஆற்றுக்குள் இறங்கி மணலில் முனகிக்கொண்டு போகிறது. அப்போது மேற்கே வளைவில் பார்த்தேன். நுரையும் சருகுமாக, பழுப்பு நிறத்தில், மணலை நக்கிக்கொண்டு ஒரு நீர்நாக்கு வந்துகொண்டிருந்தது.

உங்களுக்கு எங்கள் ஊர்ச் சமாசாரம் தெரிந்திருக்கும். காவிரியின் கடைசிக் கோடி நாங்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது தவழ்ந்துதான் வரும். செருப்பைக் கழற்றிவிட்டு எதிர்கொண்டு ஓடுவோம். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பூ இருந்தால் பூ, இல்லாவிட்டால் வெறும் கும்பிடு. தண்ணீரைப் பார்த்துப் பயப்படுவது எங்களுக்குத் தெரியாது, வரவில்லையென்றால்தான் பயம்.

என்ன செய்தேன் என்று தெரியவில்லை. செருப்பை உதறிவிட்டு லாரியிலிருந்து குதித்தேன். “தண்ணி வந்துட்டுண்ணே! தண்ணி வந்துட்டு!” என்று கத்திக்கொண்டு கூப்பிய கையோடு ஓடினேன். ஜோசப் திடுக்கிட்டு லாரியை நிறுத்திவிட்டார்.

கடலுக்குப் போகாவிட்டாலும் அண்ணனுக்குக் கடலோரத்துக் காது. “டேய், திரும்பி வாடா! இது ஒன் வாய்க்காத் தண்ணி இல்லடா, வெள்ளம்டா. பின்னால எரையுது பார்!” என்று பாய்ந்துவந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். ஜோசப் லாரியைப் பின்னுக்கு எடுத்து, வந்த கரையிலேயே ஏற்றிவிட்டார். நாங்கள் கரையேறித் திரும்பிப் பார்த்தால் ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போகிறது. நான் குதிக்காமல் இருந்திருந்தால் அந்நேரம் அக்கரையில் இருந்திருப்போம்.

ஜோசப் என் பக்கமே திரும்பாமல் டயரில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து, “போச்சுடா” என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் காலையிலும் ஆறு வடியவில்லை. அக்கரையில் முதலாளி வந்து நின்று கையை ஆட்டி ஏதோ கத்தினார். திட்டு என்பது மட்டும் புரிந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. பார்த்தால் அதே விருந்தாளிகள். அவர்களும் எங்கே போவார்கள்? ஆறு எல்லோருக்கும் ஒன்றுதானே.

அண்ணன் எழுந்துவிட்டார். “எறக்குடா சட்டிய!” மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். லாரியில் கூண்டிலிருந்த கோழி, மூட்டையிலிருந்த அரிசி, வெங்காயம். மிளகாய்த்தூள் டப்பாவை என்னிடம் கொடுத்து, “நான் கேட்டாலும் குடுக்காத” என்றார். இரண்டு முறை கேட்டார், நான் கொடுக்கவில்லை. முகாமுக்குப் போகவேண்டிய புது மெத்தைகளை மரத்தடியில் விரித்து விருந்தாளிகளை உட்காரவைத்தோம். ஒரு பிரெஞ்சுக்கார அம்மாளிடம் அண்ணன் “பொன்ழூர் மதாம்” என்று அவர் பாஷையிலேயே வணக்கம் சொன்னதும் அந்த அம்மாள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஜோசப்புக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது. எல்லோரும் கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். அக்கரையில் முதலாளி தொலைநோக்கியை வைத்துக்கொண்டு எங்கள் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்து எல்லோரும் கடந்தோம். அண்ணனுக்கு வேலை நிலைத்தது. அதோடு, வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் முதல் சாப்பாடு அந்தக் கரையில்தான் என்று முதலாளியே வழக்கமாக்கிவிட்டார். ஆறு காய்ந்து கிடந்தாலும் அங்கே நிறுத்தி, மூன்று கல் கூட்டி, மெத்தை விரிப்போம். ஓட்டுநர், எடுபிடி, துரை, துரைசாணி எல்லோரும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டது அந்த ஒரு வேளைதான். உள்ளே போய்விட்டால் அவரவர் இடம் அவரவருக்கு.

அண்ணன் இப்போது காரைக்கால்மேட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் முகாமின் படங்களைக் கைப்பேசியில் காட்டினேன். ஆற்றின் மேல் பாலம். முகாமுக்குப் பக்கத்திலேயே சிறிய விமானம் இறங்குகிறது. கரையும் மரமும் படத்தில் எங்கேயும் இல்லை.

“அப்ப அந்தக் கரையில யாரும் நிக்கிறது இல்லையா?”

“இல்லண்ணே. நேரா போய் எறங்கிடுறாங்க.”

அண்ணன் படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

“வழியில பசிக்காதாடா அவங்களுக்கு?”