ஆடிக் கூழுக்கு எவர்சில்வர் டம்ளர்

"பிளாஸ்டிக் கப்பை நிறுத்திட்டா டெல்லி காத்து சுத்தமாயிடுமா, கலெக்டரம்மா?"

டெல்லியில் எங்கள் தமிழ்க் குடியிருப்புக் கோயில் கமிட்டியின் தலைவர் இப்படிக் கேட்டதும் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அரசாங்க ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் கொஞ்சம் நீட்டிப் பேசினால் அவருக்கு நான் கலெக்டரம்மா. உண்மையில் சாணக்யபுரிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு உண்டு, அதை மறைக்க மாட்டேன். அதனால் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து பதில் சொன்னேன். காத்தைப் பற்றி எனக்குத் தெரியாது பெரியப்பா, நம்ம நாலாவைப் பற்றித் தெரியும் என்றேன்.

நாலா என்பது குடியிருப்பை ஒட்டி ஓடும் சாக்கடைக் கால்வாய். ஆடி மாத ஞாயிறுகளில் எங்கள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, ரோட்டில் போகிற ரிக்ஷாக்காரர், காவலாளி, காய் விற்கிறவர் எல்லோரும் வந்து குடிப்பார்கள். குடித்த கப்பெல்லாம் நாலாவுக்குப் போகும். டெல்லியில் மழையும் அந்த மாதத்தில்தான். நாலா அடைத்துக்கொண்டு கறுப்புத் தண்ணீர் கீழ்வரிசை வீடுகளுக்குள் ஏறும். எங்கள் வீடு கீழ்வரிசையில் இருக்கிறது. செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்திருக்கிறேன்.

பந்தல் சாமான் தரும் டென்ட் ஹவுஸில் எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும், அதை எடுக்கலாம் என்று சொன்னேன். கீழ்வரிசைக்காரர்கள் என் பக்கம் பேசினார்கள். கடைசியில் பெரியப்பா, சரி, ஒரு ஞாயிறு பார்ப்போம் என்றார்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிட்வாய் நகரில் பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸ் இருந்த காலத்திலிருந்து அம்மா அங்கே வீட்டு வேலை செய்கிறாள். இப்போது அங்கே அடுக்குமாடிகள். ஐந்து வீடுகளில் பாத்திரம் கழுவுகிறாள். ஞாயிறு ஒரு நாள்தான் அவள் கை காய்ந்திருக்கும். பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து என்னை ஒரு பாத்திரத்தைத் தொட விட்டதில்லை. நான் சாப்பிட்ட தட்டைக்கூட அவளே எடுப்பாள். நானும் அதை என் உரிமை போல ஏற்றுக்கொண்டு வளர்ந்தேன்.

அந்த ஞாயிறு நன்றாக நடந்தது. வெளுத்த பருத்திப் புடவை கட்டி, மைக் பிடித்து நாலாவைப் பற்றிப் பேசினேன். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் இரண்டு பெண்களை அழைத்திருந்தேன். இருவரும் டெல்லிக்காரர்கள், ஞாயிறுகளில் பூங்காவில் குப்பை பொறுக்கும் குழுவில் இருப்பவர்கள். கூழையும் முருங்கைக்கீரைப் பொரியலையும் ரசித்துச் சாப்பிட்டார்கள். ஒரு கப்கூட கீழே இல்லையே என்று வியந்து படம் எடுத்தார்கள். பெரியப்பாவே மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்.

அப்போது அவர்களில் ஒருத்தி, டம்ளர்களை எங்கே கழுவுகிறீர்கள், அதையும் வீடியோ எடுக்கலாமே என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. எத்தனை டம்ளர் வேண்டும், எப்போது திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் யோசித்த நான், யார் கழுவுவார்கள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று கோயிலின் பின்பக்கம் கூட்டிப் போனேன்.

சேற்றில் குந்தி உட்கார்ந்து அம்மாவும் இன்னும் நான்கு பெண்களும் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேருமே வீட்டு வேலை செய்கிறவர்கள். யாரும் அவர்களைக் கழுவச் சொல்லவில்லை. டம்ளர் குவிந்தது, உட்கார்ந்துவிட்டார்கள். கேழ்வரகுக் கூழ் காய்ந்தால் பசை மாதிரி. அம்மா ஒவ்வொரு டம்ளரின் உள்ளேயும் நகத்தை விட்டுச் சுரண்டினாள். பக்கத்தில் குவியல் அவள் தோள் உயரத்துக்கு இருந்தது.

இது என் அம்மா என்று தோழிகளிடம் சொன்னேன். அவர்கள் போனை இறக்கிவிட்டுக் கைகூப்பினார்கள். அம்மா இந்தியில், ஒன்றுமில்லை பேட்டா, முடிந்துவிட்டது என்றாள். எதுவும் முடிந்திருக்கவில்லை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தி ஒரு டம்ளரை எடுத்தேன். அம்மா அதை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே தமிழில் சொன்னாள்.

"எழுந்திரு. உன் ஆபீஸ்காரங்க பாக்குறாங்க."

நான் எழுந்துவிட்டேன்.

அவள் சொன்னதால் எழுந்தேன் என்று சொல்லலாம். ஆனால் எழுந்தபோது புடவையில் சேறு பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு மைக்கில் கூப்பிட்டார்கள், முன்பக்கம் போனேன்.

மறுநாள் நல்ல மழை. அம்மா வாசலில் நின்று நாலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. "பாருடி, எப்படி ஓடுது பாரு" என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். விரல் இடுக்குகளில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாள், தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அடுத்த ஞாயிறும் நாங்களே கழுவிடறோம், பேசிட்டோம் என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் எந்த மாதச் சம்பள நாளிலும் பார்த்ததில்லை. யார் வீட்டுக்காகவோ கழுவியவள், முதல்முறையாகத் தன் தெருவுக்காகக் கழுவியிருக்கிறாள். கைதட்டல் மட்டும் எனக்குக் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு நானும் கழுவுகிறேன் என்றேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"இந்த வேலை என்னோட போவட்டும்னுதான் உன்னப் படிக்க வெச்சேன்."

கூலிக்கு ஆள் வைக்கலாமா என்று யோசித்தேன். வருகிறவளும் இன்னொரு பெண்ணின் அம்மாவாகத்தான் இருப்பாள். பழையபடி கப் வாங்கினால் கீழ்வரிசைக்குத் தண்ணீர் வரும். பெரியப்பாவிடம் போய், குடிக்கிறவங்களே அவங்கவங்க டம்ளரைக் கழுவி வைக்கட்டும், மிச்சத்தைப் படிச்சவங்க நாங்க கழுவறோம் என்று சொன்னேன். சரி, உங்கம்மா ஒத்துக்கிட்டாளா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு முன்னால் எழுந்தேன். வீட்டுப் பாத்திரங்களை ஒரு டப்பில் போட்டு, ஆபீஸ் உடுப்போடு தெருக் குழாயடிக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கழுவத் தெரியவில்லை. சோப்பு அதிகம் போட்டுவிட்டேன், நுரை முழங்கைவரை வந்தது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னா கலெக்டரம்மா, வேலை பூடுச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

"வேலை இருக்குக்கா. ஞாயித்துக்கெழமை கோயில்ல கழுவணும். பழகிக்கிறேன்."

எங்கள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல், அடிப்பிடித்த சோற்றுக் குண்டானை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.